ஒரே 1500 சி.சி., எட்டு மடங்கு திறன்

மேல்நிலை இயற்பியல், தொழிற்கல்வி வாகனப் பொறியியல் வகுப்புகளுக்கான கற்பித்தல் கட்டுரை

வெப்ப இயக்கவியல் பாடம் நடத்தும்போது கரும்பலகையில் ஒரு சிலிண்டரும் பிஸ்டனும் வரைகிறோம். அழுத்தம், பருமன், வெப்பநிலை ஆகியவற்றுக்கு இடையிலான தொடர்பை எழுதிப்போடுகிறோம். மாணவர்கள் குறித்துக்கொள்கிறார்கள், தேர்வில் எழுதியும் விடுகிறார்கள். அதே மாணவர்கள் இடைவேளையில் பேசிக்கொள்வதைக் கவனித்தால், சைலன்ஸரை மாற்றினால் பிக்கப் கூடுமா, ஏர் ஃபில்டரைக் கழற்றினால் வேகம் வருமா, டர்போ வைத்தால் எத்தனை குதிரைத்திறன் ஏறும் என்று விவாதம் நடக்கும். வகுப்பில் எழுதிய சமன்பாடும் மரத்தடியில் நடக்கும் விவாதமும் ஒன்றுதான் என்பது பெரும்பாலும் அவர்களுக்குத் தெரிவதில்லை.

இவ்விரண்டையும் இணைக்க உண்மையான ஓர் எஞ்சினையே எடுத்துக்கொள்வது நல்லது. ஒரு சாதாரணக் குடும்பக் காரின் எஞ்சின், அதே பருமனோடு, உலகச் சாம்பியன் பட்டம் வென்ற பந்தயக் காரின் எஞ்சினாக மாற்றப்பட்ட வரலாறு ஒன்று உண்டு. அதில் பொறியாளர்கள் சந்தித்த ஒவ்வொரு சிக்கலும் பதினொன்றாம் வகுப்பு இயற்பியலின் ஏதாவது ஓர் அலகில் வந்து நிற்கிறது. இரண்டு பாடவேளைகளில் நடத்தக்கூடிய வகையில் அதை இங்கே தொகுத்திருக்கிறோம்.

கற்றல் விளைவுகள்

1. திறன் என்பது திருப்பு விசை, கோணத் திசைவேகம் ஆகியவற்றின் பெருக்கற்பலன் என்பதை மெய்யான எண்களைக் கொண்டு கணக்கிடுவர்.
2. வெப்பப் பரிமாற்றமில்லா அமுக்கத்தில் வாயுவின் வெப்பநிலை உயர்வதைக் கணக்கிட்டு, அதன் விளைவை விளக்குவர்.
3. ஓர் எஞ்சினில் ஒன்றை மாற்றினால் வேறு எந்தப் பாகத்தின் மீது சுமை ஏறும் என்று காரணம் கூறுவர்.

இரண்டு எஞ்சின்கள், ஒரே பருமன்

ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 1961-இல் 1500 என்ற பெயரில் நான்கு கதவுக் கார் ஒன்றை அறிமுகப்படுத்தியது. அதற்கான எஞ்சினை வடிவமைத்தவர் அலெக்ஸ் வான் ஃபால்கன்ஹவுசன். நான்கு சிலிண்டர், வார்ப்பிரும்பு பிளாக், சிலிண்டருக்கு இரண்டு வால்வுகள். நிமிடத்துக்கு 5,700 சுழற்சியில் 80 குதிரைத்திறன். எம்10 என்று அழைக்கப்படும் இந்த எஞ்சின் குடும்பம் பல ஆண்டுகள் சாலைக் கார்களில் ஓடியது.

அப்போதைய ஃபார்முலா 1 விதிகள் இரண்டு வகை எஞ்சின்களை அனுமதித்தன. காற்றைத் தானாக உறிஞ்சும் எஞ்சின் என்றால் 3 லிட்டர். காற்றை அழுத்தி உட்செலுத்தும் எஞ்சின் என்றால் 1.5 லிட்டர். பொறியாளர் பவுல் ரோஷெ தலைமையிலான குழு, 1500 காரின் அதே வார்ப்பிரும்பு பிளாக்கை அடிப்படையாகக் கொண்டு டர்போ எஞ்சினை உருவாக்கியது. அதன் பெயர் எம்12/13. இந்த எஞ்சின் பொருத்திய பிராபம் காரை ஓட்டி நெல்சன் பிக்கே 1983-ஆம் ஆண்டின் உலகச் சாம்பியன் ஆனார். டர்போ எஞ்சினுக்குக் கிடைத்த முதல் ஃபார்முலா 1 ஓட்டுநர் பட்டம் அது. அவ்வாண்டு பந்தயத்தில் எஞ்சினின் திறன் சுமார் 640 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 11,000 சுழற்சியில்.

பாடத்தை இங்கிருந்து ஒரு கணக்கோடு தொடங்கலாம். சாலை எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 82 மி.மீ., பிஸ்டன் நகரும் தொலைவு, அதாவது ஸ்ட்ரோக், 71 மி.மீ. பந்தய எஞ்சினில் விட்டம் 89.2 மி.மீ., ஸ்ட்ரோக் 60 மி.மீ. உருளையின் பருமன் காணும் சூத்திரத்தைக் கொண்டு நான்கு சிலிண்டர்களுக்கும் சேர்த்துக் கணக்கிடச் சொல்லுங்கள். இரண்டுக்கும் விடை 1,499.8 கன சென்டிமீட்டர்.

பருமன் மாறவில்லை, திறன் மட்டும் எட்டு மடங்கு. "அப்படியானால் கூடுதல் திறன் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டுவிட்டுச் சற்று நேரம் காத்திருங்கள். பாடம் முழுவதும் இந்த ஒரு கேள்விக்கான விடைதான்.

எட்டு மடங்கைப் பிரித்துப் பார்ப்போம்

திறன் = திருப்பு விசை × கோணத் திசைவேகம். ஐரோப்பிய நிறுவனங்கள் பயன்படுத்தும் மெட்ரிக் குதிரைத்திறன் 735.5 வாட். பாடநூலில் வரும் 746 வாட் பிரிட்டிஷ் அளவு. இந்த வேறுபாட்டை முதலிலேயே சொல்லிவிட்டால் குழப்பம் வராது.

சாலை எஞ்சின்: 80 குதிரைத்திறன் என்பது 58.8 கிலோவாட். 5,700 சுழற்சி என்பது வினாடிக்கு 597 ரேடியன். எனவே திருப்பு விசை சுமார் 99 நியூட்டன் மீட்டர்.

பந்தய எஞ்சின்: 640 குதிரைத்திறன் என்பது 471 கிலோவாட். 11,000 சுழற்சி என்பது வினாடிக்கு 1,152 ரேடியன். எனவே திருப்பு விசை சுமார் 409 நியூட்டன் மீட்டர்.

திருப்பு விசை 4.1 மடங்கும் சுழற்சி வேகம் 1.9 மடங்கும் உயர்ந்துள்ளன. இரண்டையும் பெருக்கினால் 8. ஆக, திறனைக் கூட்ட இரண்டு வழிகளே உண்டு. ஒவ்வொரு சுழற்சியிலும் கூடுதல் எரிபொருளை எரித்து பிஸ்டனை அதிக விசையோடு தள்ளுவது ஒன்று. அதே வேலையை நிமிடத்துக்குக் கூடுதல் தடவை செய்வது மற்றொன்று. கடையில் விற்கும் எந்த உதிரிபாகமும் இந்த இரண்டில் ஒன்றைச் செய்தால்தான் திறன் கூடும். ஒலியைக் கூட்டுவது திறனைக் கூட்டுவதாகாது.

எரிபொருளைக் கூட்டுவது எளிது. அதை எரிக்கக் காற்று வேண்டும். 1 கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று தேவை. எனவே எஞ்சின் மாற்றம் என்பது அடிப்படையில், அதே சிலிண்டருக்குள் கூடுதல் நிறையுள்ள காற்றை எப்படி அடைப்பது என்ற கேள்விதான். நல்லியல்பு வாயுச் சமன்பாடு இங்கே உயிர் பெறுகிறது. பருமன் மாறாதபோது, காற்றின் நிறையைக் கூட்ட அழுத்தத்தைக் கூட்ட வேண்டும் அல்லது வெப்பநிலையைக் குறைக்க வேண்டும்.

டர்போசார்ஜர் முதலாவதைச் செய்கிறது. வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. வீணாகப் போகும் ஆற்றலில் ஒரு பகுதி மீட்கப்படுகிறது. சிக்கல்கள் இங்கிருந்தே தொடங்குகின்றன.

முதல் சிக்கல்: அமுக்கினால் காற்று சூடாகும்

காற்றை வளிமண்டல அழுத்தத்தைப் போல 3 மடங்குக்கு அமுக்குவதாகக் கொள்வோம். தொடக்க வெப்பநிலை 300 கெல்வின். வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வாகக் கருதி, காமாவின் மதிப்பை 1.4 எனக் கொண்டால், இறுதி வெப்பநிலை சுமார் 411 கெல்வின், அதாவது 138 டிகிரி செல்சியஸ். நடைமுறையில் அமுக்கியின் பயனுறு திறன் முழுமையாக இல்லாததால் இதைவிடவும் கூடும்.

அழுத்தம் மூன்று மடங்கானாலும் காற்றின் அடர்த்தி மூன்று மடங்காகவில்லை. 3 × 300 ÷ 411 என்று கணக்கிட்டால் 2.2 மடங்குதான். செலவிட்ட முயற்சியில் கணிசமான பங்கை வெப்பம் விழுங்கிவிட்டது.

தீர்வு, அமுக்கிய காற்றைச் சிலிண்டருக்குள் விடுமுன் குளிர வைப்பது. ரேடியேட்டர் போன்ற இந்த அமைப்பு இன்டர்கூலர் எனப்படும். காற்றை 330 கெல்வினுக்குக் குளிர்வித்தால் அடர்த்தி 2.7 மடங்காகிறது. ஆனால் இன்டர்கூலருக்கு இடம் வேண்டும், அதன்மீது எதிர்க்காற்று வீச வேண்டும், காரின் எடையும் கூடும். ஒரு பாகத்தைச் சேர்த்ததால் இன்னொரு பாகம் தேவைப்படுகிறது என்பதை மாணவர்கள் முதன்முதலாக இங்கே உணர்வார்கள்.

இரண்டாம் சிக்கல்: தானே பற்றிக்கொள்ளும் கலவை

சிலிண்டருக்குள் வந்த காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை பிஸ்டன் மீண்டும் அமுக்குகிறது. அமுக்கும் முன்பும் பின்பும் உள்ள பருமன்களின் விகிதமே அமுக்க விகிதம். சாலை எஞ்சினில் இது 8.8. காற்று 300 கெல்வினில் நுழைந்தால், அமுக்கத்தின் முடிவில் வெப்பநிலை சுமார் 716 கெல்வின். கலவை இதைத் தாங்கிக்கொண்டு, ஸ்பார்க் பிளக்கின் பொறிக்காகக் காத்திருக்கும்.

இப்போது அதே எஞ்சினில் இன்டர்கூலர் இல்லாமல் டர்போவை மட்டும் பொருத்தினால்? காற்று 411 கெல்வினில் நுழைகிறது. அமுக்கத்தின் முடிவில் வெப்பநிலை சுமார் 981 கெல்வின். பொறி பற்றவைத்த சுடர் சிலிண்டரின் மறுபக்கம் போய்ச் சேருமுன்பே, மூலையில் உள்ள கலவை தானாகவே திடீரென வெடித்து எரிகிறது. அதிலிருந்து எழும் அழுத்த அலை சிலிண்டருக்குள் மோதி ஒலிக்கிறது. மெக்கானிக்குகள் இதை நாக்கிங் என்பார்கள். தொடர்ந்து நடந்தால் பிஸ்டனின் மேற்பகுதி உருகும், ரிங் உடையும், கேஸ்கட் கிழியும்.

பொறியாளர்கள் இரண்டு வேலைகளைச் செய்தார்கள். காற்றைக் குளிர்வித்தார்கள்; அமுக்க விகிதத்தை 7-ஐ ஒட்டிய அளவுக்கு இறக்கினார்கள். 330 கெல்வினில் நுழையும் காற்றை 7 மடங்கு அமுக்கினால் முடிவில் வெப்பநிலை 719 கெல்வின். சாலை எஞ்சினில் இருந்த 716-க்கு ஏறத்தாழத் திரும்பி வந்துவிட்டோம்! மாணவர்களே கணக்கிட்டு இந்த எண்ணை அடையும்போது ஏற்படும் வியப்பைக் கெடுத்துவிடாதீர்கள். விடையை முன்கூட்டிச் சொல்ல வேண்டாம்.

இதற்கும் விலை உண்டு. ஆட்டோ சுழற்சியின் கருத்தியல் பயனுறு திறன் அமுக்க விகிதத்தை மட்டுமே சார்ந்தது. 8.8 என்றால் 58 விழுக்காடு, 7 என்றால் 54 விழுக்காடு. அதாவது எரிக்கும் ஒவ்வொரு கிராம் பெட்ரோலிலிருந்தும் கிடைக்கும் வேலை குறைகிறது.

சாலைக் காரில் இந்த விலையை மக்கள் நேரடியாகக் கண்டார்கள். இதே எஞ்சின் குடும்பத்தின் 2 லிட்டர் வடிவம் கொண்ட 2002 டி.ஐ.ஐ. என்ற கார் 9.5 அமுக்க விகிதத்தில் 130 குதிரைத்திறன் தந்தது. 1973-இல் வந்த 2002 டர்போ 170 குதிரைத்திறன் தந்தது; ஆனால் அமுக்க விகிதத்தை 6.9 ஆக இறக்க வேண்டியிருந்தது. விளைவு, டர்போ வேகமெடுக்கும் வரை கார் மந்தமாக இருக்கும். பிறகு திடீரெனப் பாயும். வளைவில் ஓட்டுநருக்கு இது ஆபத்தானது. அவ்வாண்டே எண்ணெய் நெருக்கடியும் வந்தது. 1,672 கார்களோடு உற்பத்தி நின்றுபோனது.

மூன்றாம் சிக்கல்: சுழற்சி வேகம்

அலைவுகள் அலகைத் திறந்துகொள்ளுங்கள். பிஸ்டனின் இயக்கத்தைத் தோராயமாகத் தனிச்சீரிசை இயக்கமாகக் கொள்ளலாம். பெரும முடுக்கம் = கோணத் திசைவேகத்தின் வர்க்கம் × வீச்சு. வீச்சு என்பது ஸ்ட்ரோக்கில் பாதி.

சாலை எஞ்சினில் வீச்சு 35.5 மி.மீ.; பெரும முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல சுமார் 1,290 மடங்கு. பந்தய எஞ்சினில் வீச்சு 30 மி.மீ.; முடுக்கம் சுமார் 4,060 மடங்கு. அரைக் கிலோ எடையுள்ள ஒரு பிஸ்டன் அந்தக் கணத்தில் ஏறத்தாழ 2 டன் எடையுள்ள பொருளைப் போலக் கனெக்டிங் ராடை இழுக்கும். இது ஒரு தடவை அல்ல. வினாடிக்கு 183 தடவை.

சுழற்சி வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும் என்பதே இங்கு மையக் கருத்து. எஞ்சின் சிவப்புக் கோட்டைத் தாண்டிச் சுழன்றால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை.

பந்தய எஞ்சினின் ஸ்ட்ரோக்கை 71-லிருந்து 60 மி.மீ.க்குக் குறைத்து, விட்டத்தை ஏன் கூட்டினார்கள் என்பதும் இப்போது புரியும். பழைய ஸ்ட்ரோக்கோடு 11,000 சுழற்சி ஓடினால் முடுக்கம் 4,800 மடங்கைத் தொட்டிருக்கும். பருமன் மாறாமல் வீச்சைக் குறைக்க விட்டத்தைக் கூட்டுவது ஒன்றே வழி.

வேகம் கூடினால் சுவாசிக்கும் நேரமும் குறைகிறது. 11,000 சுழற்சியில் ஓர் உறிஞ்சு வீச்சுக்குக் கிடைப்பது 2.7 மில்லி வினாடி மட்டுமே. சிலிண்டருக்கு இரண்டு வால்வுகள் போதவில்லை. நான்கு வால்வுகளும் இரட்டை கேம் தண்டும் கொண்ட புதிய சிலிண்டர் ஹெட்டைச் செய்தார்கள். பழைய எஞ்சினிலிருந்து எஞ்சியது பெரும்பாலும் பிளாக் மட்டுமே. அதிலும், சாலையில் ஏற்கெனவே நெடுந்தொலைவு ஓடிய பிளாக்குகளை விரும்பித் தேர்ந்தெடுத்தார்கள். பலமுறை சூடாகிக் குளிர்ந்த வார்ப்பிரும்பில் வார்ப்பின்போது தங்கிவிட்ட உள்தகைவு தணிந்திருக்கும். பருப்பொருளின் பண்புகள் அலகில் தகைவு பற்றிப் பேசும்போது இதைச் சொல்லலாம்.

நான்காம் சிக்கல்: அழுத்தமும் கழிவு வெப்பமும்

இரண்டாம் சிக்கலில் வெப்பநிலையைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்துவிட்டோம் என்று மகிழ்ந்தோம். அழுத்தம் என்ன ஆயிற்று? பொறி எழுவதற்கு முன்பே, சாலை எஞ்சினில் அது வளிமண்டல அழுத்தத்தைப் போல 21 மடங்கு. பந்தய எஞ்சினில் 46 மடங்கு. பிஸ்டனின் பரப்பும் பெரிதாகிவிட்டதால், ஒரு பிஸ்டன் மீது அமரும் விசை 1.1 டன் எடையிலிருந்து 2.9 டன் எடை அளவுக்கு ஏறுகிறது. எரிதலின்போது இது மேலும் பல மடங்காகும். சிலிண்டர் ஹெட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளும் கேஸ்கட்டும் இதைத் தாங்க வேண்டும்.

அடுத்தது வெப்பம். பெட்ரோல் எஞ்சினில் எரிபொருள் ஆற்றலில் தோராயமாக மூன்றில் ஒரு பங்கு தண்டுக்கும், ஒரு பங்கு புகையோடும், ஒரு பங்கு குளிர்விக்கும் நீர், எண்ணெய் ஆகியவற்றுக்கும் போகிறது என்று கொள்வோம். தண்டில் 471 கிலோவாட் என்றால் குளிர்விக்கும் அமைப்பும் ஏறக்குறைய அதே அளவு வெப்பத்தைச் சுமக்க வேண்டும். வீட்டில் உள்ள 2 கிலோவாட் மின்னடுப்புகள் 235-ஐ ஒரே நேரத்தில் எரியவிட்டு, அந்த வெப்பம் முழுவதையும் காரின் பக்கவாட்டில் உள்ள ரேடியேட்டர்கள் வழியே காற்றில் விடுவதற்கு ஒப்பானது அது.

ஐந்தாம் சிக்கல்: எரிபொருள்

நாக்கிங்கைத் தாங்கும் தன்மையே ஆக்டேன் எண். விதி அனுமதித்த ஆக்டேன் எல்லைக்குள் நின்றுகொண்டே மேலும் அழுத்தம் ஏற்ற, ஜெர்மானிய வேதியியலாளர்கள் டொலுயீன் மிகுந்த எரிபொருளைத் தயாரித்துக் கொடுத்தார்கள். 1983 பருவத்தின் பிற்பகுதியில் இது பெரிதும் கைகொடுத்தது. அரோமேட்டிக் ஹைட்ரோகார்பன் பாடம் நடத்தும் வேதியியல் ஆசிரியர் இந்த இடத்தில் வகுப்பை ஏற்றுக்கொள்ளலாம். பென்சீன் வளையத்தின் நிலைப்புத்தன்மை ஏன் எளிதில் தானாகப் பற்றாத எரிபொருளைத் தருகிறது என்பது நல்ல விவாதப் பொருள்.

1984-இல் ஒரு பந்தயத்துக்கு 220 லிட்டர் எரிபொருள் மட்டுமே என்று விதி வந்தது. இடையில் நிரப்பவும் முடியாது. அணிகள் என்ன செய்தன? எரிபொருளைக் குளிரூட்டி ஊற்றின. விதி பருமனை அளந்தது. எஞ்சினுக்கு வேண்டியது நிறை. பெட்ரோலின் பருமவிரிவுக் குணகத்தைச் செல்சியஸ் டிகிரிக்கு 0.00095 எனக் கொண்டு, 30 டிகிரி குளிர்வித்தால் எத்தனை லிட்டர் கூடுதலாகக் கொள்ளும் என்று கேளுங்கள். விடை சுமார் 6 லிட்டர்.

களத்தில் கொடுத்த விலை

இத்தனை சிக்கல்களையும் தீர்த்த பிறகும் எஞ்சின் உடைந்துகொண்டேதான் இருந்தது. 1982 ஜூன் மாதம் டெட்ராய்ட் பந்தயத்தில் பிக்கேவின் பி.எம்.டபிள்யூ. எஞ்சின் கார் தகுதிச்சுற்றையே தாண்டவில்லை. அடுத்த வாரமே மான்ட்ரியாலில் அதே எஞ்சினுக்கு முதல் வெற்றி கிடைத்தது. 1984-ஆம் ஆண்டுக் கணக்கு இன்னும் தெளிவானது. 16 பந்தயங்களில் 9-இல் பிக்கே முதல் இடத்திலிருந்து புறப்பட்டார். வென்றது 2. பாதியில் நின்றது 9. நின்றவற்றில் பல, எஞ்சின் அல்லது டர்போ கோளாறால் நின்றவை.

1986-இல் தகுதிச்சுற்றுக்கென்றே ஏற்றப்பட்ட எஞ்சின்கள் 1,300 குதிரைத்திறனுக்கும் மேல் தந்ததாக மதிப்பிடப்படுகிறது. அவற்றின் ஆயுள் சில சுற்றுகள் மட்டுமே. 80 குதிரைத்திறன் தந்த எஞ்சின் ஒரு குடும்பத்தை ஆண்டுக்கணக்கில் சுமந்தது. 640 தந்தது சுமார் 300 கி.மீ. பந்தயத்தைத் தாங்கினால் வெற்றி. 1,300 தந்தது சில நிமிடங்கள். இந்த மூன்று எண்களையும் ஆயுளோடு சேர்த்துக் கரும்பலகையில் எழுதினால் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

பிறகு விதிகளே குறுக்கிட்டன. டர்போ அழுத்தத்துக்கு 1987-இல் 4 பார், 1988-இல் 2.5 பார் என்று எல்லை விதிக்கப்பட்டது. 1989 முதல் டர்போ எஞ்சின்கள் தடைசெய்யப்பட்டன.

வகுப்பறைச் செயல்பாடுகள்

செயல்பாடு 1: சைக்கிள் பம்ப். பம்பின் உருளையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லவும். முதலில் டியூபில் பொருத்தாமல் 40 தடவை அடிக்க வேண்டும். உருளை ஆறியபின், டியூபில் பொருத்தி அதே வேகத்தில் 40 தடவை அடிக்க வேண்டும். இரண்டு முறையும் உருளையின் அடிப்பகுதியைத் தொட்டு ஒப்பிடச் செய்யவும். முதல் முறை எழும் சூடு பெரும்பாலும் உராய்வால் வருவது. இரண்டாம் முறை கூடும் சூட்டில் அமுக்கத்தின் பங்கு உண்டு. கட்டுப்பாட்டுச் சோதனை ஏன் வேண்டும் என்பதும் இதிலேயே விளங்கும். ஆய்வகத்தில் வெப்பநிலைமானி இருந்தால் உருளையோடு ஒட்டிவைத்து அளவிடலாம்.

செயல்பாடு 2: அடுத்து உடைவது எது? வகுப்பைக் காற்று, எரிபொருள், வெப்பம், உலோகம், பிரேக் என்று ஐந்து குழுக்களாகப் பிரிக்கவும். ஆசிரியர் ஒரு மாற்றத்தை அறிவிப்பார்: "டர்போ பொருத்தியாயிற்று", "சுழற்சி எல்லையை 2,000 கூட்டியாயிற்று". தம் துறைக்கு என்ன சுமை ஏறியது, அதற்கு என்ன மாற்றம் வேண்டும் என்று ஒவ்வொரு குழுவும் காரணத்தோடு சொல்ல வேண்டும். பிரேக் குழு பெரும்பாலும் கடைசியில்தான் வாய் திறக்கும். வேகம் இரண்டு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்கு. அதே பிரேக்கால் நிறுத்த நான்கு மடங்குத் தொலைவு வேண்டும். அவர்களுக்குப் போதிய நேரம் கொடுங்கள்.

மாணவர்களிடம் காணப்படும் தவறான கருத்துகள்

"ஆக்டேன் எண் கூடிய பெட்ரோலில் ஆற்றல் அதிகம்." இல்லை. தானாகப் பற்றாமல் அமுக்கத்தைத் தாங்கும் தன்மையைத்தான் அந்த எண் காட்டுகிறது. எஞ்சின் அதற்கேற்ப அமைக்கப்படாவிட்டால் அதிக விலை கொடுப்பதால் பெரிய பயன் இல்லை.

"சத்தம் கூடினால் திறன் கூடியிருக்கிறது." சைலன்ஸரைக் கழற்றினால் தடையின்றி ஒலி வெளிவருகிறது, அவ்வளவே. உட்செல்லும் காற்றின் நிறையும் அதற்கேற்ற எரிபொருளும் கூடாமல் திறன் கூடாது.

"ஏர் ஃபில்டரைக் கழற்றினால் காற்று அதிகம் போகும்." காற்றோடு தூசியும் போகும். சிலிண்டர் சுவரையும் ரிங்குகளையும் அது அரைத்துத் தேய்க்கும். சில மாதங்களில் அமுக்கமே குறைந்து, இருந்த திறனும் போய்விடும்.

"நிறுவனம் வேண்டுமென்றே திறனைக் குறைத்து விற்கிறது." ஓரளவு உண்மை, ஏன் என்பதுதான் பாடம். கோடை வெயிலிலும், தரம் மாறுபடும் பெட்ரோலிலும், எண்ணெய் மாற்ற மறந்த உரிமையாளர் கையிலும் எஞ்சின் பல ஆண்டுகள் உடையாமல் ஓட வேண்டும். அந்த இடைவெளிக்குப் பாதுகாப்புக் காரணி என்று பெயர். மாற்றம் செய்பவர் செலவழிப்பது அந்தக் காரணியைத்தான்.

மதிப்பீட்டு வினாக்கள்

1. சாலை எஞ்சினின் 71 மி.மீ. ஸ்ட்ரோக்கை மாற்றாமல் 11,000 சுழற்சியில் ஓட்டினால் பிஸ்டனின் சராசரி வேகம் என்ன? (வினாடிக்கு 26 மீட்டர். 60 மி.மீ. ஸ்ட்ரோக்கில் 22 மீட்டர்.)
2. மேலே கண்ட காற்றை இன்டர்கூலர் 320 கெல்வினுக்குக் குளிர்வித்தால் அடர்த்தி எத்தனை மடங்காகும்? (2.8 மடங்கு.)
3. அமுக்க விகிதத்தைக் குறைத்தால் நாக்கிங் குறைகிறது. பயனுறு திறனும் குறைகிறது. இரண்டையும் காரணத்தோடு விளக்குக.
4. உன் நண்பர் தன் வண்டியின் எஞ்சினில் ஒரு மாற்றம் செய்ய விரும்புகிறார். திறன் எவ்வழியாகக் கூடும், அடுத்து எந்தப் பாகத்துக்குச் சுமை ஏறும், அந்தச் சுமையைத் தாங்க என்ன செய்ய வேண்டும் என்று மூன்று பத்திகளில் அவருக்கு எழுதுக.

நான்காம் வினாவுக்கு மதிப்பெண்ணைவிட உரையாடல் முக்கியம். சட்டத்தையும் அப்போது சொல்லிவிடுவது நம் கடமை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். ஆனால் "செய்யாதே" என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் பதினாறு வயதுப் பிள்ளையின் ஆர்வம் வேறு இடம் தேடிப் போகும். அங்கே கணக்குப் போட யாரும் கற்றுத்தர மாட்டார்கள்.

நம் மாணவர்களில் பலர் நாளை ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் சேர்ந்து எஞ்சின்களைக் கழற்றிப் பூட்டப் போகிறவர்கள். சிலர் அவற்றை வடிவமைக்கவும் கூடும். பின்னாளில் ஒரு வாடிக்கையாளர் வந்து திறனைக் கூட்டித் தரும்படி கேட்டால், "கூட்டலாம்; எதைக் கொடுத்து?" என்று திருப்பிக் கேட்கும் பழக்கம் அவர்களுக்கு வந்திருந்தால், வெப்ப இயக்கவியல் பாடம் நன்றாக நடந்திருக்கிறது என்று பொருள்.